வீடும் தோட்டமும்: சாம்பல் எங்கிருந்து வந்தது?

கீரைக்காரி வாசலில் கூடையை இறக்கினால் நாம் என்ன கேட்கிறோம்? "கட்டு என்ன விலை?" என்கிறோம். கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்தால், "நேற்றுப் பறித்ததா, இன்று பறித்ததா?" என்கிறோம். "எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?" என்று கேட்ட பெண்மணி ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆடி மாதம் நெமிலிக்குப் போய் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி என் வாயில் வர ஆரம்பித்தது.

நெமிலியில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால் குசஸ்தலை ஆற்றங்கரையில் அந்த ஊர் வந்துவிடும். முன்பு வேலூர் ஜில்லா. 2019-இல் பிரித்த பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். அத்தைக்குப் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். மாமா ரிடையரானதிலிருந்து திண்ணையும் செய்தித்தாளுமாக இருக்கிறார். அத்தைக்கோ கை சும்மா இருக்காது. வீட்டுக் கொல்லையில் ஆறு பாத்தி, மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்களே, அதன்படி அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்தாள். முளைத்தது. இரண்டு விரல் உயரம் வந்தது. பிறகு இலையோரம் எல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி கருகிப்போயிற்று.

"நீ என்னமோ பத்திரிகையிலே தோட்டத்தைப் பத்தி எழுதறியாமே? வந்து பாரு" என்று போனில் கூப்பிட்டாள். கொஞ்சம் குத்தல்தான். ஆனால் கூப்பிட்டது அத்தை. போகாமல் இருக்க முடியுமா?

போய்ப் பார்த்தால் கொல்லை வாசலில் ஒரு திருஷ்டிப் பொம்மை தொங்குகிறது. பக்கத்து வீட்டம்மா, "கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அதோடு நின்றதா? எதிர் வீட்டுக்காரர் யூரியா போடச் சொல்லியிருக்கிறார். மாமாவின் சிநேகிதர் புளித்த மோர் தெளிக்கச் சொல்லியிருக்கிறார். பெங்களூரிலிருக்கும் மருமகள் செல்போனில் ஒரு படத்தை அனுப்பி, வாழைப்பழத் தோலை ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றச் சொல்லியிருக்கிறாள். அத்தை நல்லவள். யார் மனமும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டாள்.

வாசகிகளே, இந்தக் காலத்தில் தோட்டம் போடுகிறவர்களுக்கு யோசனைக்கா பஞ்சம்? கையிலுள்ள செல்போனைத் தட்டினால் ஆயிரம் பேர் ஓடி வருகிறார்கள். படத்தில் பேசுகிற அந்த மனிதரின் மண் எந்த ஊர் மண்ணோ, அவர் பிடிக்கிற குழாயில் வருவது எந்த ஆற்றுத் தண்ணீரோ, யார் கண்டது! அத்தைக்கு யோசனை சொன்ன அத்தனை பேரும் செடியைப் பார்த்துத்தான் சொன்னார்கள். "தண்ணி எங்கே இறைக்கிறீங்க? எரு ஏது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கும் உடனே அந்தக் கேள்வி தோன்றவில்லை; உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மூன்றாவது பாத்திப் பக்கம் போனபோது மண் மேல் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருந்தது.

"இது என்ன அத்தை?"

"சாம்பல்தான். பூச்சி வராதுன்னு தூவினேன்."

"நீங்கதான் காஸ் அடுப்பிலே சமைக்கிறீங்களே, சாம்பல் ஏது?"

"ஒரு வண்டிக்காரன் கொண்டாந்து போட்டாம்மா. ரெண்டு மூட்டை. காசே வாங்கல. மேற்கே ஏதோ சூளையாம். விறகு, தோல் துண்டு எல்லாம் போட்டு எரிக்கிறாங்களாம்."

தோல் துண்டு என்றதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு காலத்தில் நம் பக்கத்தில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் சென்னையில் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையைப் பரிசோதித்துக் காட்டினார். பட்டையில் வாரக்கணக்காக ஊற வேண்டிய தோல் குரோமில் வெகு சீக்கிரம் பதமாகிவிடும். நாளடைவில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக இந்த முறை பரவிற்று. நாம் காலில் போடும் செருப்பும் கையில் மாட்டும் பையும் இப்படி வந்தவைதான். அந்தத் தொழிலை நம்பி எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன; அதில் பெண்களும் ஏராளம். ஆகையால் தொழிலைத் திட்ட நான் வரவில்லை.

ஆனால் குரோமியத்துக்கு இரண்டு முகம். ஒன்று ஓரளவு சாது. தோலில் இருப்பது அது. மற்றது புற்றுநோயையே உண்டாக்கக் கூடிய விஷம். குரோம் தோலைத் தீயில் போட்டு எரித்தால் அந்தச் சாதுவில் ஒரு பங்கு விஷமாக மாறிச் சாம்பலில் தங்கிவிடும். வீட்டு விறகுச் சாம்பலும் சூளைச் சாம்பலும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். கையால் தொட்டாலும் தெரியாது. மூக்கால் முகர்ந்தாலும் தெரியாது.

தோல் ஆலைக் கழிவு நிலத்தை என்ன செய்யும் என்பது வடஆர்க்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது: இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. கெடுத்தவனே செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூல் செய் என்று 2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அரசாங்கத்துக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேலே மலையாகக் குவிந்து கிடந்த கதையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

"நெமிலியில் தோல் பதனிடும் ஆலையா இருக்கிறது? ராணிப்பேட்டை எங்கே, நெமிலி எங்கே?" என்று மாமா திண்ணையிலிருந்தபடியே கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீர் ஊர் எல்லை பார்த்து நிற்பதில்லையே. நெமிலிக்குப் பக்கத்தில் மகேந்திரவாடி இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் மகேந்திரவர்ம பல்லவன் ஒரே பாறையில் குடைந்த கோயில் அங்கே உண்டு. அவன் பெயரிலேயே ஏரியும் உண்டு. 1850-களில் வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டுக் கட்டினார்கள் அல்லவா, அதிலிருந்து வரும் கால்வாய்தான் மகேந்திரவாடி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. காவேரிப்பாக்கம் ஏரிக்கும் அப்படியே. காவேரிப்பாக்கத்தில் நிரம்பி வழிவது குசஸ்தலையாற்றில் சேர்கிறது. அது போய்ச் சேரும் இடம் பூண்டி நீர்த்தேக்கம். ஆகவே, 'இது யாரோ வடஆர்க்காட்டுக்காரர் கவலை' என்று பக்கத்தைப் புரட்டப்போகும் சென்னை வாசகிகளே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் இந்த ஆற்றுக்கும் உறவு உண்டு.

இதனால் நெமிலித் தண்ணீர் கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். கெட்டதா நல்லதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பதற்கு வழி இருக்கிறது. அதிகச் செலவும் இல்லை.

அன்று மாலையே நானும் அத்தையும் வேலையை ஆரம்பித்தோம். மண் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில எழுத்து 'வி' மாதிரி அரை அடி ஆழம் வெட்ட வேண்டும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். கொல்லையில் நாலைந்து இடத்தில் இப்படி எடுத்துக் கலந்து, பரப்பி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிவிடலாம். சந்தேகப்பட்ட அந்த மூன்றாவது பாத்தி மண்ணை மற்றதோடு கலக்காமல் தனியே எடுத்தோம். கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். "சாணி தட்டின கைக்கு உறையா?" என்று அத்தை சிரித்தாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள்.

தண்ணீருக்கு, மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, புட்டியை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது நல்லது. புட்டியில் ஊர், தேதி, கிணறா போர்வெல்லா என்று எழுதி ஒட்டுங்கள். அத்தை ஒட்டாமல் கொண்டுபோய், 'இது எந்த வீட்டுத் தண்ணீர்?' என்று அவர்கள் கேட்க, இரண்டாம் தடவை நடந்தாள்.

எங்கே கொடுப்பது? ஒன்றியத்துக்கு ஒன்றியம் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. நெமிலியும் ஓர் ஒன்றியம்தான். அங்கே விசாரித்தால் மண் பரிசோதனை நிலையத்துக்கு வழி சொல்வார்கள். குடிக்கும் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடம். ஆனால் ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் உப்பு எவ்வளவு, கார அமில நிலை என்ன, தழை, மணி, சாம்பல் சத்துக்கள் எத்தனை, துத்தநாகம், இரும்பு போன்ற நுண்சத்துக்கள் எத்தனை என்றுதான் வரும். குரோமியம் அதில் வராது! கேட்டால்தான் பார்ப்பார்கள், அதற்குத் தனிக் கருவி உள்ள கூடத்துக்கு அனுப்ப வேண்டும், கட்டணமும் தனி. "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு" என்று நிம்மதியாக இருக்கும் தோல் வட்டாரத்துக் குடும்பங்கள் அந்தக் காகிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

முதல் காகிதம் ஒரு வாரத்தில் வந்தது. போர்வெல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. கீரை ஓரம் கருகியதற்கு அது ஒன்றே போதும். திருஷ்டிப் பொம்மைக்கு அன்றே பென்ஷன் கொடுத்தாயிற்று. குரோமியக் காகிதத்துக்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த மூன்று வாரத்தில் அத்தை யாரிடம் போனாள் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும். ஒன்றியத்திலேயே தோட்டக்கலைத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. விதை, நாற்று, மானியம் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசற்படி. 2021-இல் 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்' என்று ஆரம்பித்தார்கள். செடி வளர்க்கும் பைகள் ஆறு, இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் ஆறு, விதைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அடங்கிய 900 ரூபாய் மாடித்தோட்டத் தளையை அப்போது 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். விலையும் மானியமும் வருஷத்துக்கு வருஷம் மாறும்; இப்போது என்ன கிடைக்கிறது என்பதை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த 'உழவன்' செயலியைச் செல்போனில் வைத்துக்கொண்டாலும் விவரம் தெரியும். அலைய முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் பேசலாம். 2004-இலிருந்து நடக்கிறது, காசில்லை, தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். 'நாம் என்ன விவசாயியா?' என்று கூச்சப்பட வேண்டாம். அத்தையின் முதல் கேள்வி, "ஆறு பாத்திதான் இருக்கு, பேசலாமா?" என்பதுதான். பேசலாம் என்றார்களாம்.

வேலூரைத் தாண்டி விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கோவை விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகமே 1868-இல் சைதாப்பேட்டையில் ஒரு சிறு பள்ளிக்கூடமாகத்தான் பிறந்தது. விரிஞ்சிபுரம் கோயில் மதில் அழகைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நடை இந்த நிலையத்துக்கும் போய் வரலாம். உங்கள் ஜில்லா மண்ணையும் தண்ணீரையும் தெரிந்தவர்கள் சொல்லும் வார்த்தைக்கு மதிப்பே வேறு. இப்படி ஒரு நல்ல வார்த்தை சரியான இடத்திலிருந்து வந்தால் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு கதை உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. குடியானவர்கள் நம்பிப் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

சீமையிலே இதற்கெல்லாம் சட்டமே இருக்கிறது. சொந்த நிலம் இல்லாத பட்டணத்துக்காரர்கள் கறிகாய் பயிரிட, உள்ளூர் நிர்வாகம் துண்டு நிலம் வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று 1908-இல் இங்கிலாந்தில் சட்டம் செய்தார்கள். ஒரு பங்கு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். பக்கத்துப் பக்கத்துப் பங்குக்காரர்கள் ஒருவருக்கொருவர் விதை கொடுப்பார்கள், புத்தி சொல்வார்கள், பொறாமையும் படுவார்கள். நமக்கு அப்படித் துண்டு நிலம் யார் தருகிறார்கள்? மாடியும் கொல்லையும்தான். ஆனாலும் ஒரே தெருவில் ஒரே நிலத்தடித் தண்ணீரை இறைக்கும் பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு பரிசோதனைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமே என்று அத்தையிடம் சொன்னேன். அவள் அதற்குள் சொல்லி, நாலு வீட்டில் பணமும் வாங்கிவிட்டிருந்தாள்.

உப்புத் தண்ணீருக்கு வழி இருக்கிறது. எல்லாச் செடிக்கும் உப்பைத் தாங்கும் சக்தி ஒரே மாதிரி இல்லை. பீன்ஸும் காரட்டும் ரொம்பச் சுகவாசிகள். கொஞ்சம் உப்பேறினாலே விளைச்சல் குறையும். வெங்காயம் அதற்கு அடுத்தபடி. தக்காளி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பீட்ரூட்டோ காரட்டைப் போல் நாலு மடங்கு உப்பைச் சமாளிக்கும். தொட்டிக்குத் தென்னைநார்க் கழிவு வாங்கினால் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அதிலேயே உப்பு உண்டு. உப்புத் தண்ணீரும் உப்பு நாரும் சேர்ந்தால் செடி என்ன செய்யும்? எல்லாவற்றையும் விட மழைத் தண்ணீர் மேல். 2003-இல் சட்டம் போட்டதால் எல்லோரும் கட்டிய மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் இன்று துடைப்பம் வைக்கும் இடமாக இருக்கிறது. அத்தை வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மாமாவைத் திண்ணையிலிருந்து எழுப்பி அதைச் சுத்தம் செய்ய வைத்ததுதான் இந்தப் பிரயாணத்தில் நான் சாதித்த பெரிய காரியம்.

இன்னொரு விஷயம். தோல் வட்டாரத்துச் சந்தைகளில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் மலிவாகக் கிடைத்தால் தொட்டிக்கு ஆகும் என்று ஆசைப்படாதீர்கள். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விற்பவனுக்கே தெரியாது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒரு கணக்குச் சொல்கிறது: குரோம் பதனிடும் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன. சோப்புப் போட்டுக் கழுவினால் போகும் சமாச்சாரம் அல்ல. ஆலைக் கழிவிலிருந்து செய்த 'எரு' என்று யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அதே பதில்தான். உங்கள் வீட்டுக் காய்த் தோலும் சருகும் போட்டு மக்கவைத்ததைவிடப் பத்திரமான எரு உலகத்தில் இல்லை.

மூன்று வாரம் என்றது ஐந்து வாரமாயிற்று. குரோமியக் காகிதம் வந்தது. தண்ணீர் வரம்புக்குள் இருக்கிறது. மற்ற ஐந்து பாத்தி மண்ணிலும் பயமில்லை. சாம்பல் போட்ட மூன்றாவது பாத்தியில் மட்டும் எண் எகிறியிருந்தது. குரோமியம் பெரும்பாலும் செடியின் வேரிலேயே தங்கும் என்கிறார்கள். அதனால் கிழங்கு, முள்ளங்கி ஆகவே ஆகாது. மண் ஒட்டும் கீரையும் வேண்டாம். அங்கே தின்கிற எதையும் பயிரிடுவதில்லை என்று அத்தை முடிவு செய்தாள். மீதமிருந்த ஒரு மூட்டைச் சாம்பலை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஆற்றோரம் கொட்டிவிடலாம் என்றார் மாமா. அத்தை அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மழை படாத இடத்தில் கட்டி வைத்துவிட்டு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மாமாவைக் கொண்டே கடிதம் எழுத வைத்தாள். பதில் இன்னும் வரவில்லை. மூட்டை இன்னும் விறகுக் கொட்டகையில்தான் இருக்கிறது.

மூன்றாவது பாத்தியில் இப்போது கனகாம்பரம். மற்ற பாத்திகளில், ஐப்பசி மழை உப்பைக் கழுவிவிட்ட பிறகு, பீட்ரூட் விதைத்தாள். நன்றாகவே விளைந்துவிட்டது. பொங்கலுக்குப் போனபோது பொரியல், கூட்டு, சாம்பார், அல்வா நாலும் பீட்ரூட்டிலேயே. பஸ் ஏறும்போது ஒரு பை நிறையக் கொடுத்தும் அனுப்பினாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பீட்ரூட் பிடிக்காது. அத்தையிடம் அதை எப்படிச் சொல்வது?

வாசலில் கீரைக்காரி வந்தாள். "எந்தத் தண்ணியிலே வளர்ந்தது?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மழைத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும்தாம்மா. கிணறு எங்கே இருக்குன்னு காட்டட்டுமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.